ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆய்வுக் கேள்வி எழுதப் பழக்குவது எப்படி?

கேள்வி கேட்டவர் நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கும் ஆசிரியை. அவர் எழுதியதன் சுருக்கம் இது: "குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஆளுக்கொரு ஆய்வுக் கேள்வி எழுதிவரச் சொன்னேன். 'காடுகள் ஏன் அழிகின்றன?', 'தேயிலையின் பயன்கள் யாவை?', 'பிளாஸ்டிக்கை ஏன் ஒழிக்க வேண்டும்?' என்றே வந்தன. நானே திருத்திக் கொடுத்தால் அது என் கேள்வி ஆகிவிடுகிறது. அவர்களாகவே நல்ல கேள்வி எழுத எப்படிப் பழக்குவது?"

டீச்சர், அந்த மூன்று கேள்விகளுக்காகவும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் பார்த்த கேள்விகள் எல்லாம் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பவை. விடை அதே பாடத்தில் முன்னாடியே அச்சாகியிருக்கும். நீங்கள் 'கேள்வி எழுது' என்றதும் தெரிந்த அச்சிலேயே ஒன்றை வார்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். இவர்களிடம் போய் 'நல்ல ஆய்வுக் கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்' என்று பலகையில் எழுதிப் போட்டால், அதையும் நோட்டில் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொள்வார்கள். கேள்வி மட்டும் மாறாது.

குன்னூர் பக்கம் இதே வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன், மாநாட்டுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன். என் அனுபவத்தில் கேள்வியிலிருந்தும் தொடங்கக் கூடாது, தலைப்பிலிருந்தும் தொடங்கக் கூடாது. முதலில் ஒரு பொருளை உட்கார்ந்து பார்க்க வைக்க வேண்டும். அதுவும் பள்ளிக்கூட வளாகத்துக்குள்ளேயே.

மலையில் எந்தப் பள்ளிக்குப் பின்னாலும் ஒரு கல் தடுப்புச் சுவர் இருக்கும். பாசியும் பெரணியும் பிடித்துக் கிடக்கும். பிள்ளைகளை அதன் முன் உட்கார வைத்து, அரை மணி நேரம் பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னேன். 'ஏன்' என்ற சொல்லுக்கு அன்றைக்குத் தடை. முதல் பத்து நிமிடம் 'பாசி பச்சையாக உள்ளது', 'கல் கரடுமுரடாக உள்ளது' என்று போகும். எழுத ஒன்றும் இல்லை என்று சிணுங்குவார்கள். அப்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஆசிரியருக்குக் கஷ்டமான வேலை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'சுவரில் கீழே பச்சையாக இருக்கு. மேலே காஞ்சு கருப்பா இருக்கு. குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் மேலேயும் பச்சை.'

கேள்வி இந்த மூன்றாவது வரியில்தான் இருக்கிறது. அவள் ஒரு வித்தியாசத்தைப் பார்த்துவிட்டாள். வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டால் பிள்ளைகளுக்குக் கேள்வி தானாக வரும். 'குழாயிலிருந்து எவ்வளவு தூரம் வரைக்கும் பச்சை போகுது?' என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். ஸ்கேல் வந்தது, சாக்பீஸால் கோடு போட்டார்கள். 'மழை இல்லாத வாரத்தில் இந்தக் கோடு உள்ளே வருமா?' என்று அந்தப் பெண்ணே கேட்டாள். அது ஆய்வுக் கேள்வி. எங்கே, எதை அளப்பது, எதோடு ஒப்பிடுவது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை.

அதனால் பிள்ளைகள் பெரிய கேள்வியோடு வரும்போது 'இது சரியில்லை' என்று சொல்லாமல், அந்த மூன்றை மட்டும் திருப்பிக் கேளுங்கள். எங்கே பார்ப்பாய்? எதை எண்ணுவாய் அல்லது அளப்பாய்? எதோடு ஒப்பிடுவாய்? தினமும் ஒரே மாதிரி கேட்டால் போதும், சீக்கிரமே பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் உங்களுக்கு வேலை பாதி குறையும்.

நான் வைக்கும் முதல் சோதனை ரொம்பச் சாதாரணமானது: 'இந்தக் கேள்விக்காக நாளைக்குக் காலையில் நீ என்ன செய்வாய்?' 'காடுகள் ஏன் அழிகின்றன?' என்று எழுதியவனிடம் இதைக் கேளுங்கள். கூகுளில் தேடுவேன் என்பான், இல்லாவிட்டால் விழிப்பான். நாளைக் காலைக்கு வேலை தராத கேள்வி ஏழாம் வகுப்புக்கு ஆகாது. அது நல்ல கேள்வியாகவே இருக்கலாம், ஒரு வனத்துறை ஆராய்ச்சியாளர் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டியதாக இருக்கலாம். இவன் கையில் இருப்பதோ இரண்டு மாதமும் ஒரு ஸ்கேலும்தான். 'நம் பள்ளிக்கு மேலே சீகை மரம் (வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம்) நிற்கும் இடத்தில் தரையில் எத்தனை வகைச் செடி இருக்கிறது, சோலை (மலையின் இயற்கைக் காடு) ஓரத்தில் எத்தனை வகை?' என்று அவனே கீழே இறங்கி வந்தால் நாளைக் காலைக்கு வேலை கிடைத்துவிடும். செடியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, இலை வடிவத்தை வைத்து வகை பிரித்தால் போதும். ஒரே ஒரு சதுரத்தோடு நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இரு இடத்திலும் ஐந்தைந்து சதுரமாவது வேண்டும்.

இரண்டாவது சோதனை: பதில் எந்தப் பக்கமும் விழ இடம் இருக்கிறதா? 'பிளாஸ்டிக்கை ஏன் ஒழிக்க வேண்டும்?' என்பதில் முடிவு முதலிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஒழிக்க வேண்டாம் என்று எந்தப் பிள்ளையும் எழுதாது. எழுதினாலும் நாம் மார்க் போட மாட்டோம். நம் மாவட்டத்தில் தண்ணீர் பாட்டில் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, பிள்ளைகள் சோதனைச் சாவடியைப் பார்த்தே வளர்கிறார்கள். அந்த அறிவைப் பயன்படுத்தலாமே. 'பள்ளி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை சாலையோரம் கிடப்பதில் தண்ணீர் பாட்டில் அதிகமா, தின்பண்டப் பாக்கெட் அதிகமா? வெள்ளிக்கிழமை எண்ணுவதற்கும் திங்கட்கிழமை எண்ணுவதற்கும் வித்தியாசம் வருகிறதா?' சனி ஞாயிறு டூரிஸ்ட் போட்டுவிட்டுப் போவதா, நாமே போடுவதா என்ற சண்டை வகுப்பிலேயே கிளம்பும். கிளம்பட்டும். எண்ணுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தைத் தாளில் எழுதி மடித்து உங்களிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு 'நான் அப்பவே சொன்னேன்' என்று யாரும் பேச்சை மாற்ற முடியாது. எண்ணும்போது கையுறை வேண்டும், பஸ் திரும்பும் வளைவில் இறங்கக் கூடாது. இதையெல்லாம் கேள்வி முடிவாகும்போதே பேசிவிடுங்கள்.

இந்த இடத்தில் உறைபனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஊட்டி, தலைகுந்தா பக்கத்துப் பிள்ளைகளுக்கு துளியாக நிற்கும் நீர்ப்பனி வேறு, வெள்ளையாக உறைந்து கிடக்கும் உறைபனி வேறு என்பது யாரும் சொல்லாமலே தெரியும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் வீட்டில் அதே பேச்சுதான். அவர்களிடம் கேள்வி கேட்டால் 'உறைபனி ஏன் விழுகிறது?' என்று எழுதுவார்கள். புத்தகத்தில் விடை இருக்கிறது: மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சீக்கிரம் குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. இங்கே நிறுத்திவிடாமல், 'உங்க ஊரில் எல்லா வயலிலும் ஒரே மாதிரியா விழுது?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். 'இல்ல சார், ஓடைப் பக்கம்தான் உருளை கருகும், எங்க மேட்டு வயலுக்கு ஒண்ணும் ஆகாது' என்று உடனே சொல்வார்கள். அப்பா அம்மா பேச்சில் கேட்ட விஷயம் அது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். இதை நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் கேள்வி செத்துப்போகும். நாக்கைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

பிள்ளைகள் எழுதிய முதல் வடிவம்: 'பள்ளத்தில் பனி அதிகமா?' 'அதிகம்' என்றால் என்ன? எதைப் பார்த்து அதிகம் என்பாய்? இங்கேதான் பாதி நாள் போகும், போகத்தான் வேண்டும். வெள்ளையாக இருக்கும் புல்லின் பரப்பை அளக்கலாம் என்றான் ஒருவன். வெயில் பட்டதும் மறைந்துவிடுமே என்றாள் இன்னொருத்தி. தெர்மாமீட்டர் வைக்கலாம், ஆனால் பள்ளியில் ஒன்றுதான் இருக்கிறது. கடைசியில் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றித் திறந்த இடத்தில் ராத்திரி வைத்துவிட்டு, காலையில் ஐஸ் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது என்று முடிவானது. முழுக்க, ஓரம் மட்டும், இல்லை என்று மூன்றே பதில்.

அடுத்த தகராறு, யார் போய் வைப்பது? ஓடைப் பக்கம் இருட்டில் பிள்ளையை அனுப்ப முடியாது. நம் மலையில் விடியற்காலையில் காட்டுமாடும் கரடியும் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, உங்கள் கோத்தகிரிப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஆகவே வயல் போய் வீட்டு முற்றம் வந்தது. கேள்வி இப்படி நின்றது: 'ஓடைக்குப் பக்கத்து வீடுகளின் முற்றத்திலும் மேட்டு வீடுகளின் முற்றத்திலும் ஒரே இரவில் தட்டுத் தண்ணீர் ஒரே மாதிரி உறைகிறதா?' அழகான வாக்கியம் இல்லைதான். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு சண்டைக்குப் பிறகு வந்தது. 'ஒரே இரவில்' எதற்கு என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் காரணம் சொல்லும்.

கேள்வியைச் சுருக்குவது பிள்ளையின் ஆசையைச் சுருக்குவது என்று சில ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊட்டிப் பக்கம் முத்தொரையில் மலைச்சரிவில் நீளமாக ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் இயங்கத் தொடங்கியது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதைக் கட்டியவர்கள் மனதில் இருந்தது பிரபஞ்சத்தைப் பற்றிய மிகப் பெரிய கேள்வி. ஆனால் கருவியை வைத்துக்கொண்டு அவர்கள் அளந்தது என்ன? வானில் தூரத்தில் இருக்கும் ஒரு ரேடியோ மூலத்தை, அதாவது ரேடியோ அலை அனுப்பும் பொருளை, நிலா கடந்து மறைக்கும்போது சிக்னல் எந்த நொடியில், எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை. அதிலிருந்து அந்த மூலம் வானில் எவ்வளவு சிறியதாகத் தெரிகிறது என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பல மூலங்களைச் சேர்த்துப் பார்த்தபோது பெரிய கேள்விக்கும் வெளிச்சம் கிடைத்தது. இடத்தைத் தேர்ந்ததிலும் இதே கணக்குத்தான். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே சாய்வுள்ள வடக்கு–தெற்குச் சரிவில் கட்டியதால் கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே அச்சில் திருப்பினால் வானத்தில் ஒரு மூலத்தை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. எட்டாம் வகுப்புக்கு இது நன்றாகவே புரியும்.

'ஏன்' கேள்விகளை என்ன செய்வது? எறிய வேண்டாம். வகுப்புக்கு ஒரு 'ஏன் நோட்டு' போட்டு அதில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு, எங்கே, எப்போது, எதில் அதிகம் என்பவற்றுக்குக் கையில் எண்ணிக்கை வந்த பிறகு அந்த நோட்டைத் திறந்தால், அதே 'ஏன்' இப்போது வேறு கனத்தோடு இருக்கும். கேட்பதற்கு அவர்களிடம் ஆதாரம் இருக்கிறது அல்லவா.

உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தேயிலை வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள், அதனால் 'தேயிலையின் பயன்கள்' என்று எழுதியவளை விட்டுவிடாதீர்கள். அவள் வீட்டில் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை வந்தது என்பது சாப்பாட்டு நேரப் பேச்சு. கையால் பறித்த இலையிலும் கத்தரி போட்டுப் பறித்த இலையிலும் 'இரண்டு இலை, ஒரு கொழுந்து' எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு என்று ஆளுக்குக் கால் கிலோ எடுத்துப் பிரித்து எடை போடச் சொல்லுங்கள். தராசு மளிகைக் கடைக்காரரிடம் கிடைக்கும். இங்கே 'நல்ல இலை' என்ற சொல்லைக் கேள்வியில் விடாதீர்கள். தோட்டக்காரருக்கு எடை நிற்பது நல்ல இலை, பேக்டரிக்குக் கொழுந்து நல்ல இலை. நல்ல, சுத்தமான, பாதிப்பு, விழிப்புணர்வு: இந்த நாலில் எந்தச் சொல் வந்தாலும் சிவப்பு மையால் வட்டம் போட்டு 'எப்படித் தெரியும்?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

மொழி விஷயமும் ஒன்று இருக்கிறது. உங்கள் வகுப்பில் வீட்டில் படுகு (படுகர்களின் மொழி) பேசும் பிள்ளை இருக்கும், இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கும், கூடலூர் பக்கம் என்றால் மலையாளமும் சேரும். முதல் கேள்வியைப் பேச்சில் எழுதவிடுங்கள், அல்லது சொல்லவிட்டு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். 'ஏட்டுத் தமிழில் எழுது' என்ற அடுத்த நொடியே 'நமது நீலகிரி மாவட்டத்தில் ஏற்படும்' என்று ஒரு வாக்கியம் தொடங்கும், அதற்குப் பிறகு பிள்ளை அதில் இருக்காது. கேள்வி கெட்டியான பிறகு இலக்கணம் பார்த்துக்கொள்ளலாம்.

மனிதர்களைக் கேட்டுச் செய்யும் ஆய்வையும் ஒதுக்க வேண்டாம். அறிவியல் மாநாடு என்றதும் குடுவையும் திரவமும் வேண்டும் என்று நினைக்கிறோம். 'இந்த ஹட்டியில் (படுகர் ஊரில்) அறுபது வயது தாண்டியவர்களின் சிறு வயதில் அவர்கள் வீட்டு நிலத்தில் என்ன பயிர் இருந்தது, இப்போது என்ன இருக்கிறது?' என்பது கச்சிதமான கேள்வி. சாமையிலிருந்து உருளைக்கும் தேயிலைக்கும் நிலம் மாறிய கதை பாட்டிகளிடம் இருக்கிறது. பத்துப் பேரிடம் ஒரே வரிசையில் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும், பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். தோடர் மந்து (தோடர்களின் குடியிருப்பு), கோத்தர் ஊர் என்று போனால் முன்கூட்டி ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேளுங்கள். கோயில், சடங்கு பற்றிப் பிள்ளைகளை விட்டுத் துருவ வேண்டாம்.

அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்து காட்டும் வானவில் மன்றத் திட்டத்தின் கருத்தாளர் பள்ளிக்கு வரும் நாளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். 2022 நவம்பரில் தொடங்கிய திட்டம், குறி வைத்ததே நம் ஆறு முதல் எட்டு வகுப்புகளைத்தான். அவர் ஒரு சோதனை செய்து காட்டியதும் பிள்ளைகள் கைதட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். எழவிடாமல், 'இதில் எதையெல்லாம் மாற்ற முடியும்?' என்று பலகையில் பட்டியல் போடுங்கள். தண்ணீரின் சூடு, அளவு, பாத்திரத்தின் வாய் அகலம் என்று வரும். அதில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கச் சொன்னால் ஒரே பீரியடில் வகுப்பு முழுக்கக் கேள்வி கிடைக்கும். சுவர் வேலை அளவுக்கு ஆழம் இருக்காது, ஆனால் மாற்றுவது எது, மாற்றாமல் வைப்பது எது என்பது கைக்கு வந்துவிடும்.

போனில் தேடியோ செயற்கை நுண்ணறிவிடம் கேட்டோ கேள்வி எடுத்து வருகிற பிள்ளையைத் திட்ட வேண்டாம். 'சரி, உன் தெருவில் இதை எங்கே பார்ப்பாய்?' என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் கேள்வி அவனுடையதாகிவிட்டது.

கடைசியாக மாநாட்டைப் பற்றி. 1993 முதல் நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை சேரலாம், ஒரு மையக் கருப்பொருள் கொடுப்பார்கள். அந்தக் கருப்பொருள் எப்போதும் அகலமாகத்தான் இருக்கும். ஆகவே 'நீடித்த வளர்ச்சி' என்ற மாதிரி தலைப்பு அட்டையில் இருந்துவிட்டுப் போகட்டும், நடுவர் அதைக் கேட்டால் பிள்ளைகள் சொல்லட்டும். கேள்வி அதற்குக் கீழே தனி வரியாக, ஓடையும் முற்றமும் தட்டுமாக இருக்கட்டும். சில நடுவர்கள் 'இவ்வளவுதானா?' என்பார்கள். எத்தனை இரவு வைத்தீர்கள், எத்தனை வீடு, மேகம் போட்ட இரவுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்கிற நடுவர் அமைந்தால் உங்கள் பிள்ளைகள் விடாமல் பதில் சொல்வார்கள். மேகம் போட்ட இரவில் இரண்டு பக்கமும் உறையவில்லை என்பதையும் அட்டவணையில் ஏற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'பலன் வரவில்லை' என்று அதை அழித்துவிடுவார்கள்.

கால அளவு கேட்டால், பார்ப்பதற்கு ஒரு வாரம், கேள்வியைச் சண்டை போட்டுச் சரிசெய்ய இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அதற்குள் சார்ட் பேப்பர் வாங்கிவர யாரையும் விடாதீர்கள், வாங்கிவிட்டால் பார்டர் போட உட்கார்ந்துவிடுவார்கள்.